எலிவால் போட்ட பக்கம்

"புள்ளி, என் கோப்பு வந்துடுச்சுடி. ஆறு கிலோ இருக்கும். வந்து படி" என்று கத்திரி அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பற்பசையை அப்படியே விழுங்கிவிட்டேன். ஒரு டியூப் முழுக்க. சரி, ஒரு வாய். நான் சொல்லும் கணக்கையெல்லாம் பாதியாக்கிப் படித்துக்கொள்ளுங்கள். என்னோடு பழகிய எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் போலீஸ் யாரையெல்லாம் வேவு பார்த்ததோ, அவர்கள் இப்போது விண்ணப்பம் போட்டால் தங்களைப் பற்றிய கோப்பின் நகலை வாங்கிக்கொள்ளலாம் என்று புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. அக்காவுக்குக் கண் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. அதனால் அவளுக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான். அரசாங்கம் அதை அனுப்புவதற்குள் நாங்கள் இரண்டு பேருமே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று நம்பித்தான் நிரப்பினேன். முப்பத்து நான்கு வருஷம் அரசாங்க வேலை பார்த்தவளுக்கு அந்த நம்பிக்கைகூட இருக்காதா? பதினோரு வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். துரோகிகள்.

அந்தக் கோப்பை எழுதியவள் நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. போலீஸ் தலைமை அலுவலகத்தில் தட்டச்சுப் பிரிவு. என்னைக் கூப்பிட்டனுப்பிய அதிகாரியை எல்லோரும் ஐயா என்றே சொல்வோம். அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "உன்னைப் பார்த்தா பால்காரன்கூட யோசிக்காம தண்ணி கலப்பான்ம்மா. இந்த வேலைக்கு இதான் வேணும்" என்றார். என் அழகுக்குக் கிடைத்த ஒரே அரசாங்கச் சான்றிதழ் அது.

வேலை என்னவென்றால், ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு பதிப்பகமும் அதோடு ஒரு குட்டி அச்சகமும் நடத்தினார்கள். தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. அடிக்கிற புருஷனை விட்டு எப்படி வெளியே வருவது, டாக்டர் சொல்லாமல் விடுவது எதையெல்லாம், இப்படிச் சின்னச் சின்னப் புத்தகங்கள். கல்யாணம் என்ற ஏற்பாட்டையே சட்டப் புத்தகத்திலிருந்து கிழித்துவிட வேண்டும் என்று சொன்ன ஒரு புத்தகமும் போட்டார்கள். அதுதான் மேலிடத்தின் தூக்கத்தைக் கெடுத்தது. "உள்ள போய் உக்காரு. யார் வர்றா, யார் போறா, என்ன திட்டம் போடுறாங்க, எல்லாம் வாரா வாரம் எழுதிக் கொடு" என்றார் ஐயா. புருஷன் விட்டுவிட்டுப் போன குமாஸ்தா என்று ஒரு கதையை எனக்கு மாட்டிவிட்டார்கள். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. ஆகாத புருஷனை நினைத்து அந்த மாடியில் நான் அழுத அழுகையில் கீழே தையல் மெஷின்கள் துருப்பிடித்திருக்கும்.

கத்திரி அக்காதான் அங்கே தலைமை என்று அறிக்கையில் எழுதினேன். தலைமை என்று அந்தப் பெண்களிடம் சொல்லியிருந்தால் என்னைத் துரத்தியிருப்பார்கள். அங்கே தலைமையே கிடையாது, டீ போடுவதற்குக்கூட வாக்கெடுப்பு. ஆனால் எழுத்து விஷயத்தில் அக்கா சொன்னதுதான் முடிவு. எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் ஒரு வரியை வெட்டுவாள். "ஒரு வரிய எடுத்துப் பாரு, மிச்சம் எப்படி நிமிந்து நிக்குதுன்னு." அதனால்தான் கத்திரி.

அவர்கள் அச்சுப் பிழை பார்க்கும் முறை தனி. ஒருத்தி மூலத்தைச் சத்தமாக வாசிப்பாள். கமா, புள்ளி, கேள்விக்குறி, பத்தி முடிவு, ஓரத்தில் போட்ட திருத்தக் குறி உட்பட எதையும் விடாமல் வாசிப்பாள். மற்றவள் அச்சுத் தாளைப் பார்த்தபடி ஒவ்வொரு வரி முடிந்ததும் பென்சிலால் மேசையைத் தட்டுவாள். சந்தேகம் வந்தால், "மறுபடி." அவ்வளவுதான். மறுபடி வாசித்தால் முதலில் வாசித்ததுதான் வர வேண்டும், ஓர் எழுத்து மாறக் கூடாது. அக்காவுக்கு ஜோடியாக நான் உட்கார்ந்தேன். முற்றுப்புள்ளிகளை நான் பீரங்கி மாதிரி முழங்கியதால் எனக்குப் புள்ளி என்று பேர் வைத்தார்கள். நீக்க வேண்டிய வரிக்கு அக்கா போடும் குறி வேறெங்கும் கிடையாது. வரியை அடித்து, கோட்டை ஓரத்துக்கு இழுத்து, இரண்டு சுருள் சுருட்டி, நுனியில் ஒரு முடிச்சு. எலிவால். எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் என் எலிவால் அவளுடையதைவிட அழகாகிவிட்டது.

இனி என் குற்றம். ஆரம்பத்தில் உள்ளதை உள்ளபடிதான் எழுதினேன். "இன்று மூன்று மணி நேரம் ஒரு கமாவைப் பற்றிச் சண்டை போட்டார்கள். பிறகு பக்கெட் யார் வாங்குவது என்று சண்டை." ஐயா படித்துவிட்டுத் தாளை மேசையில் வீசினார். "இதுல என்னம்மா இருக்கு? உன்னைத் தட்டச்சுக்கே திருப்பி அனுப்பிடட்டுமா?"

அந்த மாடியை விட்டுப் போவதா? அங்கேதான் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பேசினால் நான்கு பேர் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். அங்கேயே இருப்பதற்காகக் கொஞ்சம் மசாலா தூவ ஆரம்பித்தேன். ஐந்து பேர் ஐம்பது பேரானார்கள். பக்கெட் விவகாரம் "அடையாளம் தெரியாத கொள்கலன்" ஆயிற்று. ஐயா விழுந்து விழுந்து சிரித்தார், பக்கத்து அறைக்காரர்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். வாசகர்கள் கிடைத்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா? அந்தப் பெண்களோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் மேல் பொய் எழுதினேன். எந்த மாதிரி சொல்லிப் பார்த்தாலும் இதற்கு இதைவிட நல்ல பேர் எனக்குக் கிடைக்கவில்லை. நாற்பது வருஷமாகத் தேடிவிட்டேன்.

அக்காவுக்கு ஒரு மகள் இருந்தாள். நாலரை வயது. வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். புருஷனைவிட்டு வந்த அக்கா, குழந்தையை அச்சகத்துக்கே கூட்டி வருவாள். ஒருநாள் மதியம், நல்ல வெக்கை. காகிதம் வெட்டும் மெஷினின் இரும்புத் தளம் சில்லென்று இருக்கும் என்று கண்டுபிடித்து, வாலு அதன் மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாள். தலைக்கு மேலே கதவு அகலத்துக்குக் கத்தி. அக்கா பார்த்தாள். குழந்தையை எழுப்ப மனசில்லை. நேரே சுவரிலிருந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் மேலங்கியின் இடது பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம் மெஷின் பக்கத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டு, குழந்தை விழிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து பிழை திருத்தினாள். ஒரே ஒரு நாள். நாற்பது நிமிஷம். இந்த எண்களைப் பாதியாக்க வேண்டாம்.

அந்த வாரம் ஐயா சொல்லியிருந்தார்: "இந்த வேலைய இந்த மாசத்தோட மூடிடலாம்மா. சூடா ஏதாவது இருந்தா பாக்கலாம்."

வெட்டும் மெஷினையும் குழந்தையையும் வைத்துச் சூடாக ஒரு பக்கம் எழுதினேன். பிறகு கோர்ட்டில் குழந்தை யாரிடம் என்று வழக்கு வந்தபோது, அக்காவின் புருஷனுடைய வக்கீல் கையில் அந்தப் பக்கம் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. "நம்பத்தகுந்த வட்டாரம்" என்று வாசித்தார்கள். நம்பத்தகுந்த வட்டாரம் கடைசி பெஞ்சில் அக்காவின் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "ஃபியூஸ் கட்டை என் பையில இருந்துச்சு" என்று அக்கா நீதிபதியிடம் மூன்று தடவை சொன்னாள். சாட்சி உண்டா என்று கேட்டார்கள். அன்று மதியம் அந்த அறையில் அவளையும் குழந்தையையும் தவிர இருந்தது நான் ஒருத்திதான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சாட்சிக் கூண்டில் ஏறினால் உன் உண்மைப் பேர் வெளியே வரும், உன் வேலை போகும் என்று ஐயா முந்தின நாளே சொல்லிவிட்டார். நான் அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டேன், எதையும் பார்க்கவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா நம்பினாள். தனக்குத்தான் நாள் தப்பாக ஞாபகம் இருக்கிறது என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டாள்.

குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தது நான்தான். ஆறு வருஷம் அவள் அப்பா வீட்டில் வளர்ந்தாள். இரண்டு மாதத்தில் நான் மாற்றல் கேட்டு, ஊரை விட்டுப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அதில் ஒரு சொட்டுகூடப் பொய் கிடையாது. அதுதான் இன்னும் அசிங்கம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு கண் ஆஸ்பத்திரி வரிசையில் அக்கா என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். "புள்ளி? நீதானே?" ஓடியிருக்கலாம். மூட்டுவலி. பொய், ஓட மனசு வரவில்லை. அன்றிலிருந்து நான்கு வருஷமாக வாரத்துக்கு ஒருநாள் அவள் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டுகிறேன். வேலையிலிருந்துதான் ஓய்வு கொடுத்தார்கள். வேஷத்திலிருந்து யாரும் விடுவிக்கவில்லை.

கோப்பு வந்த அன்று கதவைத் திறந்தது வாலு. அவள் லிஃப்ட் மெக்கானிக். கையில் கருவிப் பெட்டியோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சித்தி. அம்மா ரொம்ப நேரமா அந்தக் காகிதக் கட்டைத் தடவிக்கிட்டே உக்காந்திருக்காங்க. நான் படிக்கிறேன்னா வேணாமாம், நீங்கதான் வரணுமாம்."

"நீ கமாவெல்லாம் முழுங்கிடுவே" என்றாள் உள்ளேயிருந்து அக்கா.

"ஆமா, பிறந்ததுலேர்ந்து கமாதான் சாப்பாடு" என்ற வாலு, செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள். "என்னைக் கத்திக்கு அடியில போட்டுத் தூங்க வச்சது இருக்கான்னு பாருங்க சித்தி. எத்தனையாம் பக்கம்னு சொல்லுங்க."

அது வேடிக்கைக்குத்தான். வருஷக்கணக்காக அதே வேடிக்கை. ஆனால் உள்ளே அக்காவின் கை காகிதத்தின் மேல் அசையாமல் நின்றுவிட்டது. வாலுவுக்கு எட்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். பிறந்ததிலிருந்து ஒரு மணி நேரம்கூட அவளைப் பாட்டியிடம் தனியாக விட்டதில்லை. காரணம் கேட்டால் பள்ளிக்கூடம், டியூஷன், சளி என்று ஏதாவது வரும். அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

உட்கார்ந்தேன். அக்கா எனக்கு எதிரே, கையில் அதே பழக்கத்துக்கு ஒரு பென்சில். அறிக்கை எழுதியவரின் பேர் வந்த இடங்களிலெல்லாம் கறுப்பு மை பூசியிருந்தார்கள். மூச்சு விட்டேன். வாசிக்க ஆரம்பித்தேன்.

"இக்குழுவின் தலைமைப் பெண், கமா, எப்போதும் கையில் பெரிய கத்திரிக்கோலுடன் காணப்படுகிறார், புள்ளி. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு முழம், புள்ளி."

அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒரு முழமா! அது நகம் வெட்டுறதுடி! மேல படி, மேல படி."

பச்சை நிறக் கொள்கலன் வந்தது. ஐம்பது பேர் வந்தார்கள். அக்கா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "இவ நல்லா எழுதுறா."

"இவளா? எப்படிச் சொல்றே?" என் குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

"ஆம்பளைங்க யாரும் அங்க வரவே இல்லையே. அதோட பக்கெட்டு பச்சைன்னு எழுதியிருக்கா பாரு. எந்த ஆம்பளைக்குப் பக்கெட்டு நிறம் தெரியும்?" பென்சிலைச் சுழற்றினாள். "யாருன்னு கண்டுபிடிக்கணும்னுகூட எனக்கு இல்லடி. இதெல்லாம் நல்ல தமாஷு. எனக்கு ஒரே ஒரு பக்கம்தான் வேணும்."

அந்தப் பக்கம் என் கட்டைவிரலுக்கு அடியில் வந்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு. நான் எப்போதும் முதலில் ஒரு தாளில் அடித்து, பென்சிலால் திருத்தி, பிறகு நல்ல பிரதி எடுப்பேன். திருத்திய தாளை எரித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. எங்கள் அலுவலகத்தில் எதை எரிக்கச் சொன்னாலும் பத்திரமாகக் கோப்பில் கோத்துவிடுவார்கள். முதல் தாளில், ஒரு வரி அடிக்கப்பட்டு, ஓரத்தில் இரண்டு சுருளும் ஒரு முடிச்சுமாக, நான் வாழ்க்கையில் போட்டதிலேயே அழகான எலிவால்.

அந்தப் பெண்களின் வேலைப்பழக்கம் என் கைக்குள் புகுந்து போலீஸ் அறிக்கையில் வால் வரைந்திருந்தது.

அக்காவுக்குக் கண் தெரியாது. இதை நினைத்ததற்காக என்னை எத்தனை தடவை வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம். நினைத்தேன். அப்படியே அந்தத் தாளில் இல்லாத வேறொன்றை எடுத்துவிட்டேன்.

"குழந்தை அச்சகத்தில் விளையாடிக்கொண்டிருந்தது, புள்ளி. இயந்திரங்களுக்கு அருகில் செல்ல, கமா, அனுமதிக்கப்படவில்லை, புள்ளி."

பென்சில் தட்டவில்லை.

"மறுபடி" என்றாள்.

"குழந்தை அச்சகத்தின் ஓர் ஓரத்தில் விளையாடிக்கொண்டிருந்தது, புள்ளி. இயந்திரங்களின் பக்கம் அதை யாரும்..." நின்றேன். எனக்கே கேட்டுவிட்டது. சொன்னதையே திருப்பிச் சொல்லத் தெரியாதவள் நான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பூ வைத்து, பொட்டு வைத்துத்தான் அனுப்புவேன்.

"முதல்ல ஓரம் இல்ல" என்றாள் அக்கா. "கமா போன இடம் தெரியல. புள்ளி, எனக்காகப் பாத்துப் பாத்துப் படிக்கிறியா? எனக்கு எழுபத்தஞ்சு வயசாயிடுச்சு. எதைப் படிச்சாலும் தாங்குவேன். என்ன இருக்கோ அதைப் படி."

நான் நல்லவள், அவள் மனசு நோகக் கூடாது என்று மாற்றிப் படிக்கிறேன் என்றே அப்போதும் நினைத்தாள். நல்ல பிரதியைப் படித்துவிட்டு மேலே போயிருக்கலாம். அதில் வால் இல்லை. ஆனால் அதில் ஃபியூஸ் கட்டையும் இல்லை. அவள் பொய் சொல்லவில்லை என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே அத்தாட்சி என் எலிவாலுக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்தால் நானும் கூடவே வருவேன்.

வாசித்தேன்.

"குழந்தை தினமும் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் தளத்தில், கமா, கத்திக்கு நேர் அடியில் தூங்கவைக்கப்படுகிறது, புள்ளி."

பென்சில் தட்டியது.

"இதுக்கப்புறம் ஒரு வரி இருக்கு அக்கா. அடிச்சிருக்கு."

"அடிச்ச வரியும் வரிதான். படி."

"குழந்தை தூங்கும் நேரத்தில் தாய் மின்சார ஃபியூஸ் கட்டையைக் கழற்றி, கமா, தன் மேலங்கியின் இடது பையில் வைத்துக்கொண்டு, கமா, அருகிலேயே அமர்ந்திருக்கிறார், புள்ளி."

அக்காவின் இடது கை மெதுவாக இறங்கி, போட்டிருந்த உடுப்பின் இடது பக்கத்தைத் தொட்டது. அங்கே பை இல்லை. சும்மா தொட்டுக்கொண்டே இருந்தாள். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று தோற்றார்கள்.

"நான் அந்த நாளை மறக்கல" என்றாள் கடைசியில். "மறுபடி."

மறுபடி வாசித்தேன். எதுவும் மாறவில்லை.

"ஓரத்துல குறி ஏதாவது இருக்கா?"

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை எடுத்தும்விட்டேன்.

"எலிவால்" என்றேன்.

"எத்தனை சுருள்?"

"ரெண்டு. நுனியில முடிச்சு."

அந்த வாலைப் போடத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே ஆறு பேர். இறந்துபோன மூன்று பேரும் அன்று மதியம் அச்சகத்தில் இல்லை. ஒருத்தி அந்த வருஷம் முழுக்கப் பிரசவத்துக்குப் போயிருந்தாள். மிச்சம் இரண்டு பேரும் அந்த மேசையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தோம். அக்கா பென்சிலை மேசையில் வைத்தாள். அது உருண்டது, என் பக்கம் வந்து விழுந்தது. நான் எடுக்கவில்லை.

"அந்த ஒரு வரிய எடுத்ததும்" என்றாள், "மிச்சம் நிமிந்து நின்னுச்சா?"

"அக்கா, நான்..."

"அது அந்தத் தாள்ல இருக்கா?"

"இல்ல."

"இல்லாததைப் படிக்காதே."

நான் எழுந்தேன். பையைத் தேடினேன்.

"உக்காரு. வாலு அஞ்சரைக்கு வருவா."

மணி அப்போது பதினொன்று. ஆறே முக்கால் மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இதையும் பாதியாக்க வேண்டாம். அக்கா தடவித் தடவிப் போய்த் தனக்கு ஒரு டீ போட்டுக் குடித்தாள். ஒரு கோப்பைதான் போட்டாள். பிறகு சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் ஒரு தடவை இருமினேன். அவள் திரும்பவில்லை. என் வாயில் வேடிக்கை ஒன்றும் வரவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அஞ்சே முக்காலுக்குக் கருவிப் பெட்டி வாசலில் டங்கென்று இறங்கியது. "சித்தி இன்னும் போகலையா?" வாலு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "என்னம்மா, யாராவது செத்துட்டாங்களா?"

"உக்காரு" என்றாள் அக்கா. "இவ ரெண்டு வரி படிப்பா. ரெண்டு தடவை படிப்பா. நடுவுல பேசாதே." குனிந்து தரையைத் துழாவினாள். வாலு பென்சிலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

படித்தேன். பென்சில் தட்டியது. மறுபடி படித்தேன். வாலு துணியை மடியில் வைத்துக்கொண்டு, தன் அம்மாவின் இடது கையையே பார்த்தபடி இருந்தாள். அவள் கண் அங்கிருந்து நகரவே இல்லை.

"இதை யாரு எழுதினது சித்தி?" என்று கேட்டாள்.

அக்காவின் பென்சில் மேசைக்கு மேலே காத்துக்கொண்டு நின்றது. தாளின் அடியில் பேர் இருந்த இடத்தில் கறுப்பு மை பூசியிருந்தது. மைக்கு அடியில் கிடந்த என் பேரையும் படித்தேன்.